வானிலிருந்து வயலைப் பார்த்த வரலாறு

இன்று ஒடிஷா எனப்படும் ஒரிஸ்ஸாவின் கடற்கரை மாவட்டங்களில், 1865ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பருவமழை உரிய காலத்திற்கு முன்னரே நின்றுபோயிற்று. நெற்பயிர் கதிர் முற்றுவதற்கு நீரை எதிர்நோக்கி நின்ற தறுவாய் அது. கட்டாக்கிலும் பூரியிலும் பாலசோரிலும் இருந்த குடியானவர்கள் தங்கள் வயல் காய்வதைக் கண்ணாரக் கண்டார்கள். ஆனால் கல்கத்தாவில் அமர்ந்து ஆட்சி நடத்தியவர்களுக்கு இழப்பின் அளவு விளங்கவில்லை. வங்காளத்தின் துணை ஆளுநராயிருந்த ஸெஸில் பீடன் 1866 பிப்ரவரியில் ஒரிஸ்ஸாவிற்கே சென்று வந்தார். அதன் பின்னும் விளங்கவில்லை. மே மாத இறுதியில் உண்மை வெளிப்பட்டபோது, அடுத்த பருவக்காற்று தொடங்கிவிட்டது. கடல் கொந்தளித்தது, கப்பலில் வந்த தானியத்தைக் கரையிறக்க முடியவில்லை. தரைவழியோ மழையில் மூடிக்கொண்டது. ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டார்கள். அப்பகுதி மக்கள் அதனை இன்றும் ‘ந அங்கப் பஞ்சம்’ என்று சொல்வார்கள்.

அந்தப் பஞ்சத்திற்குக் காரணங்கள் பல. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற பிடிவாதமும் அவற்றுள் ஒன்று. எனினும் நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு காரணத்தை. பயிர் காய்ந்த நாளுக்கும், பயிர் காய்ந்தது என்று தலைநகர் ஒப்புக்கொண்ட நாளுக்கும் இடையே எட்டு மாதம் கழிந்தது. அந்த இடைவெளியைச் சுருக்குவதற்கு இந்நாட்டில் நடந்த முயற்சியின் வரலாறே நம் பொருள். அம்முயற்சி பட்வாரியின் ஏட்டில் தொடங்கிச் செயற்கைக்கோளின் கண்வரை வந்திருக்கிறது.

பட்வாரி என்ற சொல் வடநாட்டில் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. தமிழகத்தில் கர்ணம் எழுதிவந்த அடங்கலைப் போன்றதொரு கணக்கைப் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் பட்வாரி எழுதுகிறார். அதற்குக் கிர்தாவரி என்று பெயர். மராட்டிய நாட்டிலும் குஜராத்திலும் அவரே தலாட்டி. வயலில் என்ன பயிர் நிற்கிறது, எவ்வளவு தேறும் என்பதை அவர் பார்த்து எழுத வேண்டும். பழைய பம்பாய் மாகாணத்தில் முழு விளைவைப் பதினாறு அணாவாகக் கொண்டு, இவ்வாண்டு இவ்வூரில் எட்டணாப் பயிர், ஆறணாப் பயிர் என்று மதிப்பிட்டார்கள். அணா வழக்கொழிந்த பின் அம்முறை பைசாவுக்கு மாறியது. மகாராஷ்டிரத்தில் ஐம்பது பைசாவுக்குக் குறைந்த ஊர் பஞ்சம் பாதித்த ஊர் என்று இலக்கணம் வகுத்தார்கள்.

இம்முறையை எளிதாக இகழ்ந்துவிட முடியாது. ஊரில் பிறந்து வளர்ந்தவரின் கண் நுட்பமானது. ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. வரி தள்ளுபடிக்கு ஆசைப்படுவோர் மதிப்பைக் குறைக்கச் சொல்வர். வரி வசூல் குறையலாகாது என்போர் கூட்டச் சொல்வர். ஏட்டில் ஏறும் எண் இவ்விருவருக்கும் நடுவே ஊசலாடும். இது முதற்குறை. இரண்டாவது, காலதாமதம். 1880ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் அறிக்கைக்குப் பிறகு வகுக்கப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகள், மழை அளவு, தானிய விலை, வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் மக்கள் கூட்டம் ஆகியவற்றைப் பஞ்சத்தின் முன்னறிகுறிகளாக எண்ணிக் கவனிக்கச் சொல்லின. அது பெரிய முன்னேற்றந்தான். ஆயினும் பயிரைப் பற்றிய இறுதிக் கணக்கு, அறுவடை முடிந்த பின்னரே கைக்கு வந்தது. கரீஃப் பருவத்தின் பைசா மதிப்பு டிசம்பரில் கிடைக்கும். பயிரோ ஜூலையிலேயே செத்திருக்கும்.

முதற்குறையைப் போக்கப் புள்ளியியல் வந்தது. பீகார்-ஒரிஸ்ஸா மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஜான் ஹபக், 1923 முதல் 1925 வரை, வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சிறு துண்டு நிலத்து நெல்லை அறுத்து நிறுத்தும் முறையை நடத்திக் காட்டினார். யாருடைய கண்மதிப்பும் இதில் இல்லை. தராசு சொன்னதே கணக்கு. இவரே 1936இல் ஒரிஸ்ஸா தனி மாகாணமானபோது அதன் முதல் ஆளுநரானார் என்பது ஒரு சுவையான செய்தி. பின்னர் வங்காளத்தில் 1937 முதல் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் சணல் விளைநிலத்தைக் கூறுபோட்டு அளந்தார். பி. வி. சுகாத்மேயும் வி. ஜி. பான்ஸேயும் பயிரறுப்புப் பரிசோதனையை நாடெங்கும் பரப்பினர். துண்டு நிலம் எவ்வளவு சிறியதாயிருக்கலாம் என்பது பற்றி மகலனோபிஸுக்கும் இவ்விருவருக்கும் நடந்த வாதம் அந்நாளில் பெயர் பெற்றது. இம்முறையின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் அறுத்து நிறுத்துவதென்றால் அறுவடை வரை காத்திருக்கத்தானே வேண்டும்? இரண்டாவது குறை அப்படியே நின்றது.

அதற்கு மருந்து வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் உட் என்பவர், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நிழற்படங்களை 1910இல் வெளியிட்டார். அவற்றில் வானம் கரியதாகவும் மரங்கள் பனி மூடினாற்போல் வெண்மையாகவும் தோன்றின. பார்த்தவர்கள் அதனை ஒரு வேடிக்கையாகவே கருதினார்கள்.

அவ்வேடிக்கையின் உட்பொருள் இது. இலையிலுள்ள பச்சையம், சூரிய ஒளியின் நீலப் பகுதியையும் சிவப்புப் பகுதியையும் உண்டு உணவு சமைக்கிறது. பச்சையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே இலை நமக்குப் பசுமையாகத் தெரிகிறது. சிவப்பிற்கு அப்பாலுள்ள அண்மை அகச்சிவப்புக் கதிரோ இலைக்குப் பயன்படாதது. இலையின் உட்திசுக்களும் அவற்றிடையேயுள்ள காற்றறைகளும் அதனைச் சிதறடித்து ஏறத்தாழப் பாதியை மேலே திருப்பிவிடுகின்றன. நலமான இலையிலிருந்து சிவப்பு ஒளி நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே மீளும்; அகச்சிவப்பு நாற்பது ஐம்பது என்று மீளும். இலை வாடத் தொடங்கினால் பச்சையம் குறையும். உண்ணப்படாத சிவப்பு மிகுதியாகத் திரும்பும். உட்திசுக்கள் சுருங்கினால் அகச்சிவப்பு குறையும். இவ்விரு கதிர்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவருக்கு இலையின் உடல்நிலை தெரிந்துவிடும். கை பிடித்து நாடி பார்ப்பதற்கும் இதற்கும் மிகுந்த வேற்றுமை இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, வெட்டிய மரக்கிளைகளைப் போர்த்தி மறைத்த பீரங்கிகளைக் கண்டுபிடிப்பதற்காக அகச்சிவப்பை உணரும் வண்ணப்படச் சுருளைக் கோடக் நிறுவனம் உருவாக்கியது. அதில் உயிருள்ள இலை செந்நிறமாகப் பதியும். வெட்டப்பட்ட தழை அவ்வாறு பதியாது. போர் முடிந்ததும் அது வேளாண்மைக்கு வந்தது. கலிபோர்னியாவில் ராபர்ட் கால்வெல் 1956இல், விமானத்திலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படங்களால் தானியப் பயிர்களின் நோய்களை இனங்காணலாம் என்று நிறுவினார்.

இந்தியாவில் இக்கலையைத் தொடங்கி வைத்தவர் பிஷாரோத்து ராம பிஷாரடி. பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டில் 1909இல் பிறந்தவர், சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி பயின்றவர்; வானிலை நிபுணர். புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கழகத்தின் முதல் இயக்குநராகவும் இருந்தவர். விக்ரம் சாராபாயின் அழைப்பை ஏற்று விண்வெளி ஆராய்ச்சிக்கு வந்த அவர், 1970இல் எடுத்துக்கொண்ட முதற்பொருள் தென்னை மரம். கேரளத்தின் காயங்குளம் பகுதியில் வேர்வாடல் நோய் நெடுங்காலமாகத் தென்னையை வருத்தி வந்தது. எந்தெந்தத் தோப்பில் எத்தனை மரத்திற்கு நோய் கண்டிருக்கிறதென்று கீழே நின்று எண்ணி முடிப்பது எளிதன்று. பிஷாரடியும் அவரது தோழர்களும் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுத்தார்கள். நலமான மரத்தின் முடி செக்கச்செவேலென்று பதிந்தது; நோயுற்ற மரத்தின் முடி நிறம் மங்கிப் பதிந்தது. மரம் மரமாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் ஏழை நாட்டிற்கு எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தென்னை மரத்தைக் காட்டி விடை சொன்னதில், விஞ்ஞானத்தோடு உலக அறிவும் கலந்திருந்தது என்பது நம் எண்ணம்.

அடுத்த பரிசோதனை 1974-75இல், ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்திலும் பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்திலும், இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்தது. ஒன்று வானம் பார்த்த வறண்ட பூமி. மற்றது வாய்க்கால் நீர் பாயும் கோதுமை பூமி. அவ்விரண்டையும் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. படத்தை வாசிக்கக் கற்றவர்களும் இங்கேயே தயாராகி வந்தார்கள். நெதர்லாந்து நாட்டின் ஒத்துழைப்போடு 1966இலேயே டேராடூனில் வான்படம் வாசிக்கும் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டிருந்தது.

இதற்கிடையில் அமெரிக்கா 1972 ஜூலை 23ஆம் நாள், நிலத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவியது. அதுவே பின்னர் லாண்ட்ஸாட் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் சோவியத் நாடு, தன் பயிர் பொய்த்ததை வெளியே சொல்லாமல் உலகச் சந்தையில் பெருவாரியாகத் தானியம் வாங்கியது, விலை ஏறியது. பிறர் நாட்டுப் பயிரை வானிலிருந்தே அறிய வேண்டும் என்ற வேட்கை அமெரிக்காவுக்கு எழுந்ததற்கு அது முக்கியமான காரணம். 1974 முதல் சில ஆண்டுகள் கோதுமைக்கென ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. லாண்ட்ஸாட் அனுப்பிய எண்களைக் கொண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் ரௌஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1973-74இல் ஒரு கணக்கைக் கொணர்ந்தார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதே அது. அகச்சிவப்பு 45, சிவப்பு 5 என்றால் 40ஐ 50ஆல் வகுக்க 0.8 வரும்: செழித்த பயிர். அகச்சிவப்பு 30, சிவப்பு 20 என்றால் 10ஐ 50ஆல் வகுக்க 0.2 வரும்: வாடிய பயிர், அல்லது வெற்று மண். நீர்ப்பரப்பிற்குச் சுழிக்குக் கீழே போகும். பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய இக்கணக்கு இன்று உலகெங்கும் என்.டி.வி.ஐ. என்ற எழுத்துகளால் வழங்குகிறது. நாம் இதனைப் பசுமைக் குறியீடு என்போம்.

லாண்ட்ஸாட்டின் படம் தெளிவானது. ஆனால் அது ஓரிடத்திற்கு மீண்டும் வரப் பதினெட்டு நாள் ஆகும். வந்த அன்று மேகம் கவிந்திருந்தால் மேலும் பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டும். பருவமழைக் காலத்து இந்தியாவில் இம்முறையை நம்பினால் ஒரு பருவத்திற்கு ஒரு நல்ல படம் கிடைத்தாலே பெரிது. ஹைதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு ஸ்தாபனம் தொடங்கப்பட்டு, அதற்கு அண்மையிலுள்ள ஷாத்நகரில் 1979இல் லாண்ட்ஸாட் படங்களை நேரே பெறும் நிலையம் அமைந்தபோதும் இக்குறை நீங்கவில்லை. மண் வகை, காடு, நீர்நிலை ஆகியவற்றின் வரைபடங்களுக்கு அது உதவியது. பஞ்சத்தைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை.

வேகம் வேறொரு கோளிடம் இருந்தது. அதனிடம் யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. அமெரிக்க வானிலைத் துறையின் நோவா செயற்கைக்கோள்கள் மேகத்தையும் கடலின் வெப்பத்தையும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் கருவி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகக் காணும். ஒரு சிற்றூரின் வயல்கள் முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நில ஆராய்ச்சியாளர்களுக்கு இது எம்மாத்திரம்? ஆனால் அது ஒரே வீச்சில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் அகலத்தைப் பார்த்துவிடும். ஆகையால் உலகின் எவ்விடத்திற்கும் நாள்தோறும் வரும். அதன் முதல் வழி, தொடக்கத்தில் சிவப்பையும் அகச்சிவப்பையும் கலந்து வாங்குவதாக இருந்தது. 1979இல் ஏவப்பட்ட நோவா-6 முதல் அது சிவப்பளவிற்குச் சுருக்கப்பட்டது. அதனால் பசுமைக் குறியீட்டைக் கணிப்பது இயல்வதாயிற்று. 1981 ஜூனில் நோவா-7 மேலே சென்ற பின், நாஸாவைச் சேர்ந்த காம்ப்டன் டக்கர் முதலியோர் ஆப்பிரிக்காவின் சாஹேல் புல்வெளிகளை இவ்வழியில் பார்க்கலானார்கள். செனகல் நாட்டில் தரையில் புல்லை வெட்டி நிறுத்துக் குறியீட்டோடு ஒத்துப் பார்த்தார்கள், ஒத்து வந்தது. 1984இல் எத்தியோப்பியாவிலும் சாஹேலிலும் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. 1985இல் அமெரிக்க அரசு அமைத்த பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, இக்குறியீட்டையும் தன் கருவிகளுள் ஒன்றாக்கிக் கொண்டது.

மேகத்தை வெல்ல இவர்கள் கண்ட உபாயம் எளிமையானது. மேகம் படிந்த புள்ளியின் குறியீடு எப்போதும் தாழ்ந்தே இருக்கும். ஆகவே பத்துப் பதினைந்து நாள் படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்நாள்களுள் மிக உயர்ந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், மேகமற்ற நாளின் எண்ணே பெரும்பாலும் எஞ்சும். ப்ரென்ட் ஹோல்பன் 1986இல் இம்முறையை விளக்கி எழுதினார். நாள்தோறும் வரும் மங்கலான படம், பதினெட்டு நாளுக்கொருமுறை வரும் தெளிவான படத்தை வென்றது இவ்வாறுதான். பல காலம் நிபுணர்கள் கூர்மையையே நாடினார்கள். பஞ்சம் கேட்டதோ அடிக்கடி வரும் கண்ணை.

இந்தியாவுக்கு அதன் அவசியத்தை 1987ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டுத் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதற்குமாக நூற்றுக்கு 19 பங்கு குறைந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கால்நடைகள் தீவனமின்றி மடிந்தன. அதன் விளைவாக, ஹைதராபாத் ஸ்தாபனம் நோவா படங்களைக் கொண்டு வறட்சியை மதிப்பிடும் முறையை உருவாக்கி, 1989 முதல் பருவந்தோறும் வேளாண் அமைச்சகத்திற்கும் மாநிலங்களுக்கும் அறிக்கை அனுப்பலாயிற்று. ஜூன் முதல் அக்டோபர் வரை, மாவட்டம் மாவட்டமாக, இவ்வாண்டின் பசுமை முந்தைய ஆண்டுகளோடு எவ்வாறு ஒக்கிறது என்று அவ்வறிக்கை சொல்லும். பின்னாளில் அதன் சொல்முறையும் செம்மையடைந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ‘இயல்பு’, ‘கவனிக்க’, ‘எச்சரிக்கை’ என்று மட்டுமே குறிப்பார்கள்; பயிர் தேறிவிட இன்னும் வாய்ப்பிருக்கிறது என்பது கருத்து. செப்டம்பர், அக்டோபரில்தான் ‘இலேசான வறட்சி’, ‘நடுத்தர வறட்சி’, ‘கடும் வறட்சி’ என்று தீர்ப்புச் சொல்வார்கள். நாடி பார்ப்பவர் மூன்றாம் நாள் காய்ச்சலில் முடிவு கூறாமல் பொறுத்திருப்பதைப் போன்றது இது.

இந்தியாவின் சொந்தக் கண்ணும் அக்காலத்திலேயே திறந்தது. 1988 மார்ச் 17ஆம் நாள் பைக்கனூரிலிருந்து ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்டது, ஓரிடத்திற்கு மீண்டும் வர அதற்கு 22 நாள். 1995 டிசம்பர் 28ஆம் நாள் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1சி கோளில் அமைந்த அகலப்பார்வைக் கருவியைப் பற்றிச் சிறிது நின்று சொல்ல வேண்டும். அதற்கு இரண்டே வழிகள்: ஒன்று சிவப்பு, மற்றொன்று அண்மை அகச்சிவப்பு. வேறெதுவும் இல்லை. பசுமைக் குறியீட்டிற்கென்றே பிறந்த கருவி எனலாம். 810 கிலோமீட்டர் அகலத்தை 188 மீட்டர்ப் புள்ளிகளாகப் பார்த்து, ஐந்து நாளுக்கொருமுறை திரும்பி வந்தது. மாவட்டத்தோடு நின்றிருந்த அறிக்கை தாலுகா வரை இறங்குவதற்கு இத்தகைய படங்களே வழி செய்தன. 2003 அக்டோபரில் சென்ற ரிஸோர்ஸ்ஸாட் கோளில் அப்புள்ளி 56 மீட்டராகச் சுருங்கியது.

வெளிநாட்டிலும் வேகம் கூடியது. 1999 டிசம்பரில் டெர்ரா, 2002 மே மாதத்தில் அக்வா என நாஸா ஏவிய இரு கோள்களிலும் மோடிஸ் என்னும் கருவி இருந்தது. சிவப்பையும் அகச்சிவப்பையும் அது 250 மீட்டர்ப் புள்ளிகளாக, ஓரிரு நாளுக்கொருமுறை உலகெங்கும் பார்த்தது. தொடக்கத்தில் அதன் செப்பமான தொகுப்புகள் ஆராய்ச்சியாளர் கைக்கு வரப் பல நாள் ஆயிற்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, அத்தனை நாள் காத்திருக்க முடியாதென்று சில மணி நேரத்தில் படம் தரும் ஏற்பாடு பிறந்தது. பின்னர் பயிருக்கும் அதுவே வந்தது. தெற்கு டகோடா மாநிலத்து ஸூ ஃபால்ஸ் நகரிலுள்ள நில அளவைத் துறையின் மையம், ஏழு நாள் தொகுப்பை அவ்வேழாம் நாள் முடிந்தவுடன் விரைவாகச் சமைத்துத் தரும் முறையை வகுத்தது. வறட்சி நிலவரம் வாரந்தோறும் வெளியாக அது உதவியது. விரைவில் தரும் தொகுப்பில் கோள் நின்ற இடம் முன்கணிப்பாகவே இருக்கும். சிறு பிழைகள் சேரும். செப்பம் செய்த தொகுப்பு பின்னால் வரும். நம் ஊர் மளிகைக் கடைகளில் அன்றாடச் சிட்டையையும் பேரேட்டையும் தனித்தனியே வைப்பதை இது நினைவூட்டுகிறது. சிட்டையில் அடித்தல் திருத்தல் இருக்கும். ஆனால் இன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதென்று சிட்டையைத்தான் கேட்க வேண்டும். இந்தியாவின் காடுகளில் தீப்பிடித்த இடங்களை டேராடூனிலுள்ள வன அளவைத் துறை 2004 முதல் மாநிலங்களுக்கு அறிவித்து வருவதும் மோடிஸ் தந்த விரைவுச் செய்தியில் தொடங்கியதுதான்.

இனி இக்குறியீடு எதனைச் சொல்லாது என்பதையும் பார்ப்போம். அது பசுமையை அறியுமே தவிரப் பயிரை அறியாது. நிலக்கடலை வாடி, வரப்போரத்தில் சீமைக்கருவேல் தழைத்து நின்றால், அந்தப் புள்ளி நலமாகவே காட்டும். குஜராத்தில் காண்டோ பாவல் என்றும், ராஜஸ்தானில் விலாயதி பாபுல் என்றும் சொல்வது இந்த மரத்தைத்தான். நடவு முடிந்த வயலில் நீர் நிற்கும்போது நல்ல பயிரும் குறைந்த எண்ணைத் தரும். மழை தவறியதற்கும் இலை வாடுவதற்கும் இடையே சில வாரம் கழியுமாதலால், குறியீடும் அவ்வளவு பிந்தியே பேசும். பார்மேரின் மணற்பாங்கான நிலத்தின் எண்ணைத் தஞ்சையின் எண்ணோடு ஒப்பிடுவதும் தவறு. இதற்காகவே ஃபெலிக்ஸ் கோகன் என்பவர், ஒவ்வோர் இடத்தையும் அதன் சொந்த வரலாற்றோடு மட்டும் ஒப்பிடும் முறையைச் சொன்னார். அவ்விடத்தில் பல ஆண்டுகளில் கண்ட மிகத் தாழ்ந்த எண் சுழி, மிக உயர்ந்த எண் நூறு. இவ்வாண்டு இரண்டிற்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பது அவர் கேள்வி. இலையின் ஈரத்தை உணரும் குற்றலை அகச்சிவப்புக் குறியீடும் இதனோடு சேர்க்கப்பட்டது. 2003 ஏப்ரலில் சென்ற இன்ஸாட்-3ஏ, பூமியின் ஒரே முகத்தை ஓயாது பார்க்கும் உயரத்திலிருந்து நாளுக்குப் பல முறை படமெடுத்ததால், மேகத்தின் இடைவெளியில் நிலத்தை எட்டிப்பார்க்கும் வாய்ப்புக் கூடியது.

2002இல் இவ்வேற்பாடுகளுக்குக் கடுஞ்சோதனை வந்தது. ஜூன் மாத மழை குறையொன்றும் சொல்லும்படி இல்லை, விவசாயிகள் விதைத்தார்கள். ஜூலையில் பெய்ய வேண்டிய மழையில் பாதிக்கு மேல் தவறிவிட்டது. பருவம் முழுவதற்குமான குறைவு 19 பங்கு. முந்தைய ஆண்டில் 21 கோடி டன்னைக் கடந்திருந்த உணவு தானிய விளைவு 17½ கோடி டன்னுக்கு இறங்கியது. வானம் பொய்ப்பதைக் கோள் தடுக்க முடியாது. ஆனால் ஒரே மாதத்தில் ஒரு பருவம் கவிழ்ந்துவிடக்கூடும் என்பதையும், மாதக்கணக்கு அறிக்கை போதாது என்பதையும் அவ்வாண்டு காட்டிற்று. 2012 ஏப்ரலில் டில்லியின் பூசா வளாகத்தில் மகலனோபிஸ் பெயரால் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் திறக்கப்பட்டு, வறட்சிக் கண்காணிப்பும் அங்கே மாறியது.

ஆயினும் செய்தி விரைந்து வந்தால் மட்டும் ஆட்சி விரைந்து செயற்பட்டுவிடுமா? 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டாண்டுகள் மழை குறைந்தது. ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பீகார், குஜராத், ஹரியானா ஆகிய மூன்று மாநிலங்கள் வறட்சியை அறிவிக்கத் தயங்கியதை 2016 மே 11ஆம் நாள் தீர்ப்பு கண்டித்தது. வறட்சிக் கையேட்டை அவ்வாண்டு முடிவதற்குள் திருத்தி எழுதுமாறும் பணித்தது. 1866இல் கல்கத்தாவுக்குத் தெரியவில்லை. 2015இலோ தெரியாமைக்கு இடமில்லை. மழைக் கணக்கும் பசுமைப் படமும் மேசை மேல் இருந்தன. அறிவித்தால் நிவாரணம் கொடுக்க வேண்டும், கடன் வசூலை ஒத்திவைக்க வேண்டும், வேலை நாள்களைக் கூட்ட வேண்டும். அத்தயக்கத்தின் வேர் அங்கே இருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். தாமதம் தீர்ந்த இடம் ஒன்று; அது குடிபுகுந்த இடம் மற்றொன்று.

திருத்திய கையேடு 2016 டிசம்பரில் வந்தது. கரீஃப் பருவ வறட்சியை அக்டோபர் 30ஆம் நாளுக்குள்ளும், ரபிப் பருவத்ததை மார்ச் 31ஆம் நாளுக்குள்ளும் அறிவித்துவிடுவது தக்கது என்று அது நாள் குறித்தது. மழைக் குறைவு முதற்படி. பசுமைக் குறியீடு, மண்ணின் ஈரம், விதைப்புப் பரப்பு, நீர்நிலை ஆகியவை இரண்டாம் படி. எல்லாக் குறிகளும் ஒருங்கே மோசமாக வேண்டுமென்ற விதி மிகக் கடுமையானதென்று சில மாநிலங்கள் குறை கூறின. அக்குறையில் நியாயம் உண்டு. அதே ஆண்டில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பருவத்தின் நடுவிலேயே எதிர்பார்க்கும் விளைவு பாதிக்கும் கீழே போகுமென்று கண்டால், வரவேண்டிய இழப்பீட்டில் நூற்றுக்கு 25 பங்கு வரை முன்னதாகவே கொடுக்கலாம் என்று விதித்திருக்கிறார்கள். அவ்விதி உயிர் பெறுவதற்கு நாள் தவறாத பயிர்ச்செய்தி இன்றியமையாதது.

மேகத்தின் தொல்லைக்கு ராடார் ஒரு விடை. 2012 ஏப்ரலில் ரிஸாட்-1, 2022 பிப்ரவரியில் இ.ஓ.எஸ்.-04 என இந்தியா ஏவிய கோள்கள் தாமே அலை வீசி அதன் எதிரொலியை வாங்குவதால் மழையிலும் இருளிலும் நெல் வயலைக் காண வல்லவை. நாஸாவும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் கூடிச் செய்த நிஸார், 2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. பன்னிரண்டு நாளுக்கொருமுறை ஒரே பாதையில் திரும்பும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. இலையின் பச்சையத்தை ராடார் அறியாது; பயிரின் உருவத்தையும் மண்ணின் ஈரத்தையுமே அறியும். ஆகவே பழைய குறியீட்டின் வேலை போய்விடவில்லை.

பட்வாரியின் வேலையும் போய்விடவில்லை. கோள்கள் வறட்சி என்று சுட்டிய வட்டாரத்தில், நூறு ஊருக்குப் பத்து ஊரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஊருக்கு ஐந்து இடத்தில் நேரே சென்று பயிரைப் பார்த்து எழுதிய பிறகே இறுதி அறிவிப்புச் செய்ய வேண்டும் என்று கையேடு கூறுகிறது. ஹபக் காட்டிய குலுக்கலும், கிர்தாவரி எழுதியவரின் கண்ணும் அங்கே மீண்டும் சேர்கின்றன. இப்போது அவர் கையில் ஏட்டோடு, நின்ற இடத்தைத் தானே குறித்துக்கொள்ளும் கைபேசியும் இருக்கிறது.